சிறைக்குள் மலர்ந்த வண்ணங்கள்

உடலைச் சிறையில் அடைக்கலாம். உள்ளத்தை அடைக்க இயலுமோ? இயலாது என்பதை ஓவியத்தால் மெய்ப்பித்தவர் பிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் அம்மையார்.

ஆஸ்திரியாவின் தலைநகராம் வியன்னாவில், 1898ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள், எளிய யூதக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். தந்தையார் எழுதுபொருள் கடை ஒன்றில் பணிபுரிந்து மகளை வளர்த்தார். ஜெர்மனியிலுள்ள வைமார் நகரில், புகழ்பெற்ற பௌஹவுஸ் கலைப் பள்ளியில் பயின்று சிறந்த ஓவியரானார். 1934இல் அரசியல் காரணமாகச் சிறை சென்றார். விடுதலையான பின் பிராக் நகரில் குடியேறி, 1936இல் பாவெல் பிராண்டைஸ் என்பவரை மணந்தார்.

இரண்டாம் உலகப் போரின்போது ஹிட்லரின் நாஜிப் படையினர் யூதர்களை முகாம்களில் அடைத்தனர். 1942 டிசம்பரில் இத்தம்பதியர் தெரெசின் என்னும் கோட்டை நகருக்கு அனுப்பப்பட்டனர். ஒரு சிறு சுமையே கொண்டு செல்லலாம் என்ற நிலையிலும், தாள்களையும் வண்ணங்களையும் அம்மையார் மறவாமல் எடுத்துச் சென்றார்.

அங்கே பசியாலும் அச்சத்தாலும் வாடிய குழந்தைகளைக் கண்டு அவர் மனம் உருகினார். முகாமில் பாடம் கற்பிக்கத் தடை இருந்தது, ஓவியத்திற்குத் தடையில்லை. கிடைத்த பழைய தாள்களிலெல்லாம் குழந்தைகளை வரையச் செய்தார். பூக்களையும், பட்டாம்பூச்சிகளையும், பிரிந்து வந்த வீட்டையும் அவர்கள் வரைந்தனர். முகாம் அவர்களுக்கு எண்களைத் தந்தது. அம்மையாரோ ஒவ்வொரு படத்திலும் தத்தம் பெயரை எழுதச் சொன்னார்.

1944இல் கணவர் வேறு முகாமுக்குக் கொண்டுசெல்லப்படவே, தாமும் பின்தொடர விரும்பினார். புறப்படுமுன் குழந்தைகளின் ஓவியங்கள் சுமார் 4,500ஐ இரண்டு பெட்டிகளில் பத்திரப்படுத்தினார். அக்டோபர் 9ஆம் நாள் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். அவரிடம் பயின்ற குழந்தைகளுள் பெரும்பாலோரும் உயிர் பிழைக்கவில்லை. கணவர் மட்டும் உயிர் தப்பினார்.

ஓவியம் அவர்களைக் காப்பாற்றவில்லையே என்று நாம் கலங்குகிறோம். உயிரைக் காக்கவில்லை, உண்மைதான். ஆயினும் வண்ணம் தீட்டிய நேரமெல்லாம் அக்குழந்தைகள் கைதிகளாக இருக்கவில்லை. போருக்குப்பின் அப்பெட்டிகள் பிராக் நகரைச் சேர்ந்தன. இன்றும் அந்நகரின் யூத அருங்காட்சியகத்தில் அவ்வோவியங்கள் காக்கப்படுகின்றன. அழிக்க நினைத்தவர்களால் அழிக்க முடியாத அப்பெயர்கள், படங்களின் ஓரத்தில் பிஞ்சுக் கையெழுத்தில் நின்று நம்முடன் பேசுகின்றன.

தோழியரே, துன்பம் சூழும் வேளையிலும் பிறர் உள்ளத்தில் ஒரு வண்ணத்தையேனும் தீட்ட நாமும் முயல்வோமாக!