ஹென்றி மோஸ்லி

தனிமங்களை அணு எடை வரிசையில் நிறுத்தி, 1869 ஆம் ஆண்டில் அட்டவணை வகுத்தார் உருசிய அறிஞர் மெண்டலீவ். ஆயினும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. எடையால் நிக்கல் முன்னதாக வரும். பண்பாலோ கோபால்ட்டே முன் நிற்றல் வேண்டும். இம்முரணைத் தீர்த்தவர் ஹென்றி மோஸ்லி என்னும் ஆங்கில இளைஞர் ஆவார்.

மோஸ்லி 1887 இல் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். ஆக்ஸ்போர்டில் பயின்றபின் மான்செஸ்டர் சென்று, பேரறிஞர் ரதர்போர்டிடம் ஆராய்ச்சி பயின்றார். இரவெல்லாம் ஆய்வுக்கூடத்தில் உழைப்பது அவர்க்கு இயல்பு.

தனிமங்களை எலக்ட்ரான்கள் தாக்கும்பொழுது எக்ஸ் கதிர்கள் எழுகின்றன. 1913 இல் மோஸ்லி அக்கதிர்களை ஒளிப்படத் தகட்டில் பதித்து அளந்தார். அவற்றின் அதிர்வெண்ணுக்கு வர்க்கமூலம் கண்டபொழுது, அது தனிமந்தோறும் ஒரே அளவாகப் படிப்படியாய் உயர்ந்தது! அப்படியின் எண்ணே அணுக்கருவின் மின்னேற்றத்தைக் காட்டும் அணு எண். கோபால்ட்டு 27, நிக்கல் 28. ஐயம் அகன்றது. 43, 61, 75 ஆகிய படிகள் வெறுமையாய் நின்றன. அவற்றிற்குரிய தனிமங்கள் 1925 முதல் 1945 வரையுள்ள காலத்தில் ஒவ்வொன்றாய்க் கிடைத்தன.

அவற்றைக் காண மோஸ்லி இல்லை. 1914 இல் போர் மூண்டதும் அவர் தாமே முன்வந்து படையில் சேர்ந்தார். 1915 ஆகஸ்டு 10 ஆம் நாள், துருக்கி நாட்டுக் கல்லிப்போலியில் குண்டு பாய்ந்து மாண்டார். அப்பொழுது அவர்க்கு வயது 27.