பழைய கதவுகளுக்குச் சுவர் கட்டியவர்

கொழும்பு பகதலே வீதிக்குப் பக்கத்தில் 33ஆவது ஒழுங்கை என்று ஒரு சிறிய ஒழுங்கை இருக்கிறது. அதன் 11ஆம் இலக்க வீட்டை வெளியில் நின்று பார்த்தால் ஒரு வெள்ளைச் சுவர்தான் தெரியும். இலங்கைப் பாராளுமன்றத்தை வடிவமைத்த கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா நாற்பது வருடங்களுக்கு மேல் வாழ்ந்த வீடு அது. உள்ளே இருக்கும் பழைய கதவுகளும் மரத்தூண்களும் அந்த வீட்டுக்கென்று செய்யப்பட்டவை அல்ல. எங்கெங்கோ கைவிடப்பட்ட, இடிக்கப்பட்ட கட்டடங்களிலிருந்து வந்தவை.

பாவாவைப் பற்றி எழுதுபவர்கள் பாராளுமன்றத்தையும் கந்தலம ஹோட்டலையும் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு அவருடைய வாழ்க்கையில் மிகவும் பிடித்தது இந்தக் கதவுகள்தான். மனதை உறுத்துவதும் அவைதான்.

1919இல் பிறந்தார். தந்தை முஸ்லிம், ஆங்கிலேய வழிவந்த வழக்கறிஞர். தாய் பறங்கியர் குடும்பத்தவர். கேம்பிரிட்ஜில் படித்து, சட்டம் பயின்று, கொழும்பு திரும்பிக் கொஞ்சக் காலம் வழக்கறிஞராக இருந்தார். அந்தத் தொழில் அவருக்குச் சரிவரவில்லை. உலகம் சுற்றப் போனார். பின்னர் பெந்தோட்டைக்குப் பக்கத்தில், வாவிக்கரையில் ஒரு கைவிடப்பட்ட இறப்பர்த் தோட்டத்தை வாங்கி அதற்கு லுனுகங்கா என்று பெயர் வைத்தார். தோட்டத்தைத் திருத்தத் தொடங்கிய பிறகுதான் தனக்குக் கட்டடக்கலை தெரியாதென்பது அவருக்கு உறைத்தது. மீண்டும் இலண்டன் போய்ப் படித்து, 1957இல் தகுதிபெற்றபோது வயது 38. பிந்தி வந்த ஆள்தான்.

அடுத்த வருடம் 33ஆவது ஒழுங்கையில் வரிசையாக இருந்த நான்கு சிறிய வீடுகளில் மூன்றாவதை வாடகைக்கு எடுத்தார். பிறகு நான்காவது. 1968 அளவில் மற்ற இரண்டும் கைக்கு வந்தன. நான்கையும் ஒன்றாகச் சேர்த்து, நீண்ட நடைபாதையும், வானம் பார்க்கும் சின்னச் சின்ன முற்றங்களும், முன்னால் ஒரு மாடிக் கோபுரமும் உள்ள ஒரே வீடாக்கினார். நாற்சார் வீட்டில் வளர்ந்த எவருக்கும் அந்த முற்றங்கள் அந்நியமாக இராது. வெயிலும் மழையும் வீட்டுக்குள்ளேயே வந்துபோகும்.

பழைய கதவை வீட்டில் வைப்பவர்கள் பலர் செய்கிற பிழை ஒன்றுண்டு. புது வாசலின் அளவுக்குக் கதவைச் சீவுவார்கள். பழைய பூச்சைச் சுரண்டி எடுத்து, பளபளவென்று வார்னிஷ் அடிப்பார்கள். குடுமியில் சுழன்ற கதவுக்குப் புதுப் பிணைச்சல் பூட்டுவார்கள். கடைசியில் அது பழைய மரத்தில் செய்த புதுக் கதவு, அவ்வளவுதான். பாவாவின் வீட்டில் நான் பார்த்தது வேறு. பழைய மரத்தைச் சுற்றி வெறும் வெள்ளைச் சுவர். அதைப் போட்டிக்கு இழுக்கப் பக்கத்தில் வேறொன்றும் இல்லை. நடைபாதையில் எங்கே நிற்க வேண்டும், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழ வேண்டும் என்பதை அந்தப் பழைய பொருளே தீர்மானித்ததுபோல இருக்கும். கதவுக்காகச் சுவர் கட்டியிருக்கிறார் என்றே எனக்குப் பட்டது.

இதற்கு இரசனை மட்டும் காரணமல்ல. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இரும்பும் கண்ணாடியும் இறக்குமதி செய்வது கடினமாக இருந்தது. உள்ளூர் மரம், கருங்கல், ஓடு ஆகியவற்றைக் கொண்டு கட்ட வேண்டிய காலம். பழைய கட்டடங்களை மதிக்கப் பழகியவருக்கு அந்தத் தட்டுப்பாடு ஒரு வாய்ப்பாகவும் அமைந்தது.

அவருடைய வீட்டில் உள்ள தூண்களில் சில தமிழ்நாட்டின் செட்டிநாட்டிலிருந்து வந்தவை. அவற்றுக்குப் பின்னால் ஒரு இடப்பெயர்வுக் கதை உண்டு. நகரத்தார் பர்மாவில் வட்டித்தொழில் செய்து, அங்கிருந்து தேக்கு கொண்டுவந்து, ஊரில் அரண்மனை போன்ற வீடுகள் கட்டினார்கள். 1942இல் யப்பானியப் படை பர்மாவுக்குள் வந்தபோது கையில் எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். சுதந்திரத்துக்குப் பின் பர்மிய அரசு அவர்களுடைய நிலங்களையும் எடுத்துக்கொண்டது. வருமானம் போயிற்று. ஒரு வீட்டுக்குப் பத்து, இருபது பங்காளிகள். பராமரிக்க முடியாமல் வீடுகளைக் கழற்றி விற்றார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இன்றும் அந்தக் கதவுகளும் தூண்களும் விற்பனைக்கு நிற்கின்றன.

ஆக, ஒரு பழைய கதவு விலைக்கு வருகிறதென்றால் எங்கோ ஒரு வீடு இல்லாமற் போயிருக்கிறது. செட்டிநாட்டில் அதை விற்றவர்கள் சொந்தக்காரர்கள். வேதனையோடு என்றாலும் தாங்களே விற்றார்கள்.

எங்களுடைய கதவுகளை யாரும் விற்கவில்லை. 1990இல் வலிகாமம் வடக்கில் நாங்கள் விட்டுவந்த வீட்டைப் பல வருடங்கள் கழித்துப் பார்க்கக் கிடைத்தது. சுவர்கள் நின்றன. அம்மப்பா நல்ல நாள் பார்த்து நிலை வைத்த முதிரைக் கதவு இல்லை. நிலையும் இல்லை. நிலையைக் கழற்றுவதென்றால் சுவரை உடைக்க வேண்டும். அதனால் வாசல் இருந்த இடத்தில் வாசலைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. அயலில் எல்லா வீடும் அப்படித்தான். இதை வாசிக்கும் பலருக்கு நான் விவரிக்கத் தேவையில்லை.

பாவாவின் கதவுகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. போர் தொடங்குவதற்கு முன்பே அவருடைய வீடு பெரும்பாலும் அமைந்துவிட்டது. அவரோடு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பங்காளராக இருந்து, பாராளுமன்றம் உட்படப் பெரிய கட்டடங்களை எழுப்பியவர் பொறியியலாளர் கலாநிதி பூலோகசுந்தரம் என்பதையும் எங்கள் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது. ஆனாலும் இன்று எந்த உல்லாச விடுதியில் ஒரு பழைய முதிரைக் கதவைக் கண்டாலும் இது எந்த ஊர்க் கதவு என்று என் வாய் கேட்டுவிடும். பணியாளர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். கடைக்காரர்கள் சிரிப்பதில்லை. பேச்சை மாற்றுவார்கள்.

பாவா 1998இல் பாரிசவாதத்தால் பாதிக்கப்பட்டு, 2003 மே 27ஆம் திகதி காலமானார். லுனுகங்காவிலேயே எரியூட்டினார்கள். அவர் இறந்த பிறகு நடந்த ஒரு வேலை, அவருடைய பாடத்தை அவரைவிடத் தெளிவாகச் சொல்வதாக நான் நினைக்கிறேன்.

பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்காக 1960களின் தொடக்கத்தில் கொழும்பு அல்பிரட் பிளேஸில் பாவா கட்டிய வீடு அது. நடுவில் பெரிய முற்றம், சுற்றிவர அறைகள். காணி கைமாறி, வீடு இடிபடும் நிலை வந்தபோது பாவாவின் பெயரில் இயங்கும் நம்பிக்கை நிதியம் அதைக் காப்பாற்ற முன்வந்தது. 2009 அளவில் கழற்றத் தொடங்கினார்கள். கதவு, யன்னல், தூண், கல், ஓடு எல்லாவற்றுக்கும் இலக்கமிட்டார்கள். எது எந்தச் சுவரில், எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று வரைந்து பதிந்தார்கள். பின்னர் அனைத்தையும் லுனுகங்காவுக்கு ஏற்றிக்கொண்டுபோய், பல வருடங்கள் செலவழித்து, பழைய ஒழுங்கிலேயே திரும்பவும் நிறுத்தினார்கள். ஈனா 2015இல் காலமானார். அந்த வீட்டை இப்போது போய்ப் பார்க்கலாம். ஒவ்வொரு கதவும் அதனதன் நிலையில் நிற்கிறது.