கறிவேப்பிலையில் நிலைத்த பெயர்

மழை பெய்து ஓய்ந்த மாலையில் நம் ஜவ்வாது மலையில் ஈசல் புறப்படுவதைக் காணாதவர் நம்மில் யார்? விளக்கைச் சுற்றிக் கூட்டம் கூட்டமாகப் பறக்கும். விடிந்தால் திண்ணையெங்கும் உதிர்ந்த இறகுகள் கிடக்கும். ஈசலை வறுத்து, பொரியரிசியோடு சேர்த்துத் தின்னும் வழக்கமும் நம் ஊர்ப்புறங்களில் உண்டு. அதே மழையில் புற்றோரத்தில் வெண்ணிறக் காளான் முளைக்கும். அதைப் பறித்து வந்து குழம்பு வைப்போம். ஈசலும் புற்றுக்காளானும் நமக்குப் பழகிப்போனவை. பழகிப்போனதாலேயே அவற்றை நாம் உற்றுநோக்குவதில்லை.

இருநூறு ஆண்டுகளுக்கு முன், கடல் கடந்து வந்த ஒரு மருத்துவர் தமிழ்நாட்டுப் புற்றுகளை வெட்டி, உள்ளே இருப்பதைக் கண்டு எழுதிவைத்தார். அவர்தான் யோகான் கெரார்டு கோனிக்.

கோனிக் 1728-ஆம் ஆண்டு, இன்று லாத்வியா எனப்படும் நாட்டுப் பகுதியில் பிறந்தார். உயிர்களுக்கெல்லாம் இரு சொற்களால் பெயரிடும் முறையை நிலைநாட்டிய சுவீடன் அறிஞர் லின்னேயசிடம் பாடம் கேட்டார். 1765-இல் பனி சூழ்ந்த ஐஸ்லாந்துத் தீவுக்குச் சென்று செடிகொடிகளை ஆராய்ந்தார். அதன்பின் 1768-இல் நம் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து சேர்ந்தார். அன்று தரங்கம்பாடி டேனிஷ்காரர்களின் ஆட்சியில் இருந்தது.

மருத்துவம் அவருக்குப் பிழைப்பு. இயற்கை அவருக்கு உயிர். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, மற்ற நேரமெல்லாம் வயல், தோப்பு, கடற்கரை என்று அலைந்தார். செடிகளை உலர்த்தியும் பூச்சிகளைப் பதப்படுத்தியும் ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பிவைத்தார். பூச்சியியல் மேதையான டேனிஷ் அறிஞர் ஃபாப்ரிசியஸ், 1775-இல் ஒரு பூச்சிக்குக் கோனிக்கின் பெயரையே வைத்தார். பருத்தி, வெண்டைச் செடிகளில் நாம் காணும் சிவப்பு நாவாய்ப்பூச்சிதான் அது.

தஞ்சாவூர்ப் பகுதியில் கறையான் புற்றுகளை ஆராய்ந்த கோனிக், தாம் கண்டவற்றை எழுதினார். அக்கட்டுரை 1779-இல் பெர்லின் நகரில் ஜெர்மன் மொழியில் வெளியாயிற்று. கறையானைப் பற்றிய முதல் அறிவியல் ஆய்வுகளுள் அது ஒன்று. புற்றின் உள்ளறைகளில் கடற்பஞ்சு போன்ற கூடுகள் இருப்பதையும், அவற்றின்மேல் சிறுசிறு வெண்ணிற உருண்டைகள் இருப்பதையும் அவர் குறித்தார். அவை பூஞ்சையின் உருண்டைகள்.

அதன் உட்பொருளை இன்று நாம் நன்கு அறிவோம். வேலைக்காரக் கறையான்கள் காய்ந்த இலையையும் மரத்தையும் தின்று, தம் கழிவைக் கொண்டே அந்தக் கூடுகளைக் கட்டுகின்றன. அதன்மேல் ஒருவகைப் பூஞ்சை வளர்ந்து, கடினமான மரச்சத்தை இளக்கித் தருகிறது. பக்குவமான அந்த உணவைக் கறையான்கள் உண்கின்றன. நாம் வயலில் நெல் விளைவிப்பதுபோல், கறையான்கள் மண்ணுக்கடியில் பூஞ்சை வேளாண்மை செய்கின்றன! மழைக்காலத்தில் மண்ணைப் பிளந்து மேலே வரும் புற்றுக்காளானும் அந்தப் பூஞ்சையிலிருந்து எழுவதே. இந்தக் காளான் இனத்திற்குப் பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹைம் 1942-இல்தான் தனிப்பெயர் சூட்டினார்.

கோனிக்கிடம் நாம் வியக்கும் மற்றொரு குணம், ஊர் மக்களிடம் கற்றுக்கொண்ட பணிவு. அவர்கள் ஈசல் பிடிக்கும் விதத்தையும் அவர் விடாமல் எழுதினார். புற்றில் எதிரெதிராக இரண்டு துளைகள் இடுவார்கள். காற்று வரும் பக்கத்தில் நாற்றமுள்ள பொருள்களை எரித்துப் புகை மூட்டுவார்கள். மறுபக்கத் துளையில், மணமுள்ள இலையைத் தேய்த்த பானையின் வாயைப் பொருத்துவார்கள். புகைக்கு அஞ்சி ஓடும் ஈசல்கள் பானைக்குள் விழும். சில வேளைகளில் நல்லபாம்பும் உள்ளே வந்துவிடுமாம்! ஆகவே பானையை எச்சரிக்கையாக எடுக்க வேண்டும். பிடித்த ஈசலை மாவோடு சேர்த்துப் பலகாரம் செய்தார்கள் என்றும் அவர் எழுதியிருக்கிறார்.

பானையில் தேய்த்த அந்த மணமுள்ள இலை எது தெரியுமா? நம் கறிவேப்பிலையேதான்! அந்தச் செடிக்கு லின்னேயஸ் 1771-இல் தம் மாணவரின் நினைவாகப் பெர்கெரா கோனிகி என்று பெயரிட்டிருந்தார்.

தரங்கம்பாடியில் கிடைத்த ஊதியம் ஆராய்ச்சிக்குப் போதவில்லை. எனவே கோனிக் ஆர்க்காட்டு நவாபிடம் இயற்கை ஆய்வாளராகச் சேர்ந்தார். பின்னர் 1778-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணிக்கு வந்தார். அவ்வேலையாகச் சயாம் நாட்டிற்கும் மலாக்காவிற்கும் பயணம் செய்து திரும்பினார்.

1785-ஆம் ஆண்டு, ஆந்திரக் கடற்கரையில் காக்கிநாடாவை அடுத்த ஜகந்நாதபுரத்தில் அவர் வயிற்றுக்கடுப்பு நோய்க்கு ஆளானார். பிற்காலத்தில் இந்தியத் தாவரவியலின் தந்தை எனப் புகழப்பட்ட மருத்துவர் ராக்ஸ்பர்க் உடனிருந்து கவனித்தும் பயனில்லை. ஜூன் 26-ஆம் நாள், தம் 56-ஆம் வயதில் கோனிக் கண்மூடினார். எழுதிக் குவித்த ஏடுகளை லண்டனில் இருந்த ஜோசப் பாங்க்ஸ் என்ற அறிஞருக்கு விட்டுச் சென்றார். அவற்றுள் பெரும்பகுதி அவர் காலத்தில் அச்சேறவே இல்லை. அவர் அனுப்பிய மாதிரிகளாலும் குறிப்புகளாலும் வளம்பெற்ற பிறருடைய நூல்களே புகழடைந்தன.

காரியம் முடிந்ததும் ஒருவரை ஒதுக்குவதைக் கறிவேப்பிலைபோல் எறிந்துவிட்டார்கள் என்று நாம் சொல்வதுண்டு. கோனிக்கின் கதையும் ஏறக்குறைய அதுதான். ஆயினும் மணம் இலையைவிட்டுப் போவதில்லை. பெயரை நாடாமல் உண்மையை நாடி உழைத்தவரின் பெயர், இன்று நம் ஒவ்வொரு வீட்டுத் தாளிப்பிலும் இருக்கிறது.

தோழியரே, நம் காவலூரில் 1968 முதல் அறிஞர்கள் தொலைநோக்கி வைத்து விண்மீன்களை ஆராய்ந்து வருகிறார்கள். எட்டாத வானத்தைப் பார்க்கப் பெரிய கருவி வேண்டும். காலடியில் இருக்கும் புற்றைப் பார்க்கக் கண்ணும் பொறுமையும் போதும். அடுத்த மழையில் ஈசல் புறப்படும்போது, பிடிக்க ஓடுமுன் சற்று நின்று கவனிப்போம். பிடிக்கத் தெரிந்த நம் பாட்டிமாரிடம் கேட்டுக் குறித்தும் வைப்போம். கோனிக்குக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.