உங்க வீட்டு லட்சுமி படத்துக்குப் பின்னால ஒரு கடன் கதை!

பூஜையறையில மாட்டியிருக்கிற லட்சுமி படத்தைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. தாமரை மேல நிற்கிற உருவம், ஜரிகை வெச்ச பட்டுச்சேலை, பக்கத்துல மாலையைத் தூக்கிப் பிடிச்ச யானை... இப்படி இருந்தா, அது எந்த ஊர் பிரஸ்ல அச்சானதா இருந்தாலும் மூலம் பெரும்பாலும் ஒருத்தரோட தூரிகைதான். ராஜா ரவி வர்மா.

1848-ல் திருவிதாங்கூர் கிளிமானூர் அரண்மனையில் பிறந்தவர். வசதிக்குக் குறைவில்லை. ஆனா, ஆயில் பெயின்ட்டிங் சொல்லித்தரத்தான் ஆள் இல்லை. அரண்மனை ஓவியரான மதுரை ராமசாமி நாயக்கர் மறுத்துட்டார் என்றும், அவரோட சீடர் ஆறுமுகம் பிள்ளை ரகசியமா உதவினார் என்றும் சொல்வாங்க. அப்புறம் ஐரோப்பாவிலிருந்து தியோடர் ஜென்சன் என்ற ஓவியர் வந்தார். அவர் வரையறதைப் பக்கத்துல நின்னு பார்க்கலாம், அவ்வளவுதான். பார்த்தே கத்துக்கிட்டார் ரவி வர்மா. யூடியூப் பார்த்துத் தொழில் கத்துக்கிட்டவங்களுக்கு இந்த வலி புரியும்!

1873-ல் சென்னைக் கண்காட்சியில் தங்கப்பதக்கம், வியன்னாவிலும் பரிசு. அதுக்கப்புறம் ராஜாக்கள் எல்லாம் படம் கேட்டு வரிசையில நின்னாங்க. ஒரே ஆள் எத்தனை வரைய முடியும்? படங்களை அச்சடிச்சுப் பரப்பலாமேன்னு முன்னாள் திவான் மாதவ ராவ் யோசனை சொன்னார். 1894-ல் ஜெர்மனியிலிருந்து மெஷின் வாங்கி, மும்பையில் சொந்தமா பிரஸ்ஸே தொடங்கிட்டார் ரவி வர்மா.

நல்லூர்ல பிரின்ட்டிங் பட்டறை பக்கம் போயிருக்கீங்களா? டி-ஷர்ட் டிசைன்ல அஞ்சு கலர்னா அஞ்சு ஸ்கிரீன். ஒண்ணு நூலளவு விலகினாலும் பீஸ் ரிஜெக்ட். அன்னிக்கும் இதே கதைதான். ஸ்கிரீனுக்குப் பதிலா கனமான சுண்ணாம்புக்கல், ஒவ்வொரு கலருக்கும் தனித்தனியா. அச்சான காகிதத்துக்கு மேல வார்னிஷ் பூசினா ஆயில் பெயின்ட்டிங் மாதிரியே மினுங்கும்.

மக்கள் அதோட விடலை. சாமி படத்தோட சேலை மேல நிஜத் துணி, ஜரிகை, ஜிகினா எல்லாம் வெட்டி ஒட்டி, பிரேம் போட்டு மாட்டினாங்க. இப்போ நாம கிராஃப்ட்னு சொல்றதுதான்.

இதுல முக்கியமான ஒரு விஷயம் இருக்கு. கோயில் வாசலைத் தாண்ட முடியாதவங்க வீட்டுச் சுவருக்கும் சாமி வந்துடுச்சு. ரவி வர்மாவோட திருவிதாங்கூர்ல எல்லோருக்கும் கோயில் கதவு திறந்தது 1936-லதான். காகிதம் அதுக்கு நாற்பது வருஷம் முன்னாடியே போயிடுச்சு!

ஆனா பிரஸ் அவருக்குச் சோறு போடலை. பிளேக் நோய் மும்பையைப் புரட்டிப்போட்டது. பிரஸ்ஸை லோனாவ்லா பக்கம் மளவ்லிக்கு மாத்தினார். கடன் மட்டும் கூடவே வந்தது. கடைசியில, தன்கிட்ட வேலை பார்த்த ஜெர்மன் டெக்னீஷியன் ஃபிரிட்ஸ் ஷ்லைகர்கிட்டயே பிரஸ்ஸை விற்றார், பல படங்களை அச்சடிக்கிற உரிமையோட சேர்த்து. தன் லட்சுமியை அச்சடிக்கும் உரிமை அவர்கிட்டயே இல்லை! 1905-ல் கூடவே இருந்த தம்பி ராஜ ராஜ வர்மா போனார். அடுத்த வருஷம் அக்டோபர் 2-ம் தேதி, கிளிமானூரில் இவரும்.

1972-ல் தீ விபத்துல அந்த பிரஸ்ஸும் எரிஞ்சுபோச்சு. அதனால, பொங்கலுக்கு வீடு ஒழிக்கிறப்போ பரண்ல பழைய சாமி படம் கிடைச்சா எடைக்குப் போட்டுடாதீங்க. தூசியைத் துடைச்சுட்டு, கீழ் ஓரத்துல பொடி எழுத்துல ரவி வர்மா பிரஸ்னு இருக்கான்னு முதல்ல பாருங்க.