எலக்ட்ரிக்கா, பெட்ரோலா? ரேஸ் டிராக்கில் நடக்கும் போட்டியும், அந்த டிராக்குக்குப் பெயர் கொடுத்த கரிவரதனின் கதையும்!

அருப்புக்கோட்டையில் இருந்து திருச்சுழி போகும் சாலையில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இப்போ இந்தப் பேச்சு காதில் விழும். எலக்ட்ரிக் வண்டி வாங்கலாமா, பெட்ரோல் வண்டியே போதுமா? ஒருத்தர் பிக்கப்பைப் பற்றிப் பேசுவார். இன்னொருத்தர் நடுக்காட்டில் சார்ஜ் தீர்ந்தால் யார் தள்ளுவது என்று கேட்பார். டீ ஆறிப் போகும், விவாதம் முடியாது.

இதே விவாதம் தமிழ்நாட்டில் ஒரு ரேஸ் டிராக்கில் நிஜமாகவே நடக்கிறது. ஒரு பக்கம் பெட்ரோல் ரேஸ் கார், இன்னொரு பக்கம் எலக்ட்ரிக் ரேஸ் கார். இரண்டையும் கட்டுவது கல்லூரி மாணவர்கள். இடம், கோவை அருகே செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே.

கரி என்றால் அடுப்புக் கரி கிடையாது. அது ஒரு மனிதரின் பெயர். எஸ்.கரிவரதன். அவர் இறந்து 30 வருஷம் ஆகிவிட்டது. அவர் யார், என்ன செய்தார், இன்றைய எலக்ட்ரிக் - பெட்ரோல் போட்டிக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? விவரமாகப் பார்க்கலாம்.

யார் இந்த கரிவரதன்?

1954-ல் பிறந்தவர் கரிவரதன். கோவை லட்சுமி மில் குடும்பத்தைச் சேர்ந்தவர். நம்ம கரிசல் பக்கத்து ஆட்களுக்கு லட்சுமி மில் புதுப் பெயர் இல்லை. 1910-ல் கோவையில் ஆரம்பித்த அந்த நிறுவனத்துக்கு கோவில்பட்டியிலும் மில் உண்டு. கரிசல் மண் என்றாலே பருத்தி, பருத்தி என்றாலே மில் என்று ஓடிய காலம் அது.

பஞ்சு, நூல், மில் நிர்வாகம் என்று போயிருக்க வேண்டிய வாழ்க்கை. ஆனால் கரிவரதனின் மனசு முழுக்க இன்ஜினில் இருந்தது. கார் ஓட்டுவதில் மட்டும் அல்ல, காரைப் பிரித்துப் போட்டு, மாற்றிக் கட்டுவதில்தான் அவருக்கு ஆர்வம் அதிகம். ரேஸ் வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் கரிதான்.

சோழவரம் காலம்

அன்றைக்கு தென்னிந்தியாவில் கார் ரேஸ் என்றால் சோழவரம்தான். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் அது. போர் முடிந்த பிறகு அங்கே ரேஸ் நடந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதை நடத்தியது. கூட்டம் கூட்டமாக ஜனங்கள் பார்க்க வருவார்கள்.

ஓடிய கார்கள் என்ன? ரேஸுக்கென்றே செய்த வெளிநாட்டுக் கார்கள் ஒன்றிரண்டு. மற்றபடி அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சாலையில் ஓடும் அதே வண்டிகளை மெக்கானிக்கை வைத்து மாற்றிக் கட்டி ரேஸுக்கு இறக்குவார்கள். கரிவரதனும் இந்தக் களத்தில் வந்தவர்தான்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தக் காலத்தில் வெளிநாட்டுக் கார் இறக்குமதி செய்ய எக்கச்சக்க வரி, கட்டுப்பாடு. பணம் உள்ளவர் நல்ல இன்ஜின் கொண்டு வருவார், முன்னால் போவார். பணம் இல்லாதவர் எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் பின்னால்தான். ஜெயித்தது டிரைவரா, அவர் பணமா என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தச் சிக்கலுக்கு கரிவரதன் கண்டுபிடித்த வழிதான் இன்றைக்கும் அவர் பெயரை நிறுத்தி வைத்திருக்கிறது.

மாருதி 800 இன்ஜினில் ஒரு ரேஸ் கார்

1983 கடைசியில் மாருதி 800 வந்தது. 796 சிசி, 3 சிலிண்டர், சின்ன இன்ஜின். சில வருஷங்களில் ஊருக்கு ஊர் அந்தக் கார் பரவியது. ஸ்பேர் பார்ட்ஸ் எந்தக் கடையிலும் கிடைத்தது. மெக்கானிக்குகளுக்கும் அது பழகிப் போனது.

கரிவரதன் இதைப் பிடித்துக்கொண்டார். இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து ஒரு ஃபிரேம். அதில் ஒரே ஒரு சீட். டிரைவரின் முதுகுக்குப் பின்னால் மாருதி 800 இன்ஜின். வெளியே தெரியும் சக்கரங்கள். பார்க்க ஃபார்முலா கார், உள்ளே இருப்பது நம்ம தெருவில் நிற்கும் காரின் இன்ஜின். 1980-களின் கடைசியில் இது களத்துக்கு வந்தது. ஃபார்முலா மாருதி என்று ஜனங்கள் கூப்பிட்டார்கள்.

இதில் இரண்டு விஷயம் முக்கியம்.

முதலாவது, விலை. வெளிநாட்டு ரேஸ் காரோடு ஒப்பிட்டால் இதன் செலவு மிகக் குறைவு. உடைந்தால் உள்ளூரிலேயே சரி செய்யலாம்.

இரண்டாவது, சமம். எல்லோருக்கும் ஒரே மாதிரி கார், ஒரே இன்ஜின். அப்போ முன்னால் வருபவர் நிஜமாகவே நன்றாக ஓட்டியவர். ஒப்பிட வேண்டும் என்றால் முதலில் ஒரே தராசில் வைக்க வேண்டும் என்பதுதான் கரிவரதன் செய்த காரியத்தின் சாரம்.

அந்தக் காரில் ஏறியவர்கள்

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான ரேஸ் டிராக் வந்தது. அங்கே ஃபார்முலா மாருதி கார்கள் ஓடின.

கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் டீன் ஏஜில் தன் முதல் ரேஸை ஓட்டியது ஃபார்முலா மாருதியில்தான். முதல் ரேஸிலேயே முதல் 3 இடங்களுக்குள் வந்தார். 2005-ல் அவர் ஃபார்முலா ஒன் போட்டியில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

அடுத்து சென்னையின் கருண் சந்தோக். 2000-ல் ஃபார்முலா மாருதி பட்டம் வென்றார். 2010-ல் ஃபார்முலா ஒன் போனார். இந்தியாவில் இருந்து ஃபார்முலா ஒன்னில் ரேஸ் ஓட்டியவர்கள் இதுவரை இந்த 2 பேர்தான். 2 பேருமே 796 சிசி இன்ஜின் காரில் கற்றுக்கொண்டவர்கள்.

ஆனால் இவர்கள் ஃபார்முலா ஒன் போனதைப் பார்க்க கரிவரதன் இல்லை. கார் போலவே பறப்பதிலும் அவருக்கு ஆசை. 1995-ல் நடந்த விமான விபத்தில் அவர் இறந்தார். அப்போது வயது 41. நரேன் ஃபார்முலா ஒன்னுக்குப் போக இன்னும் 10 வருஷம் இருந்தது.

2000-களின் தொடக்கத்தில் செட்டிப்பாளையத்தில் சுமார் 2 கிலோமீட்டர் நீளத்தில் ரேஸ் டிராக் அமைந்தபோது அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

அதே டிராக்கில் எலக்ட்ரிக் கார்

இப்போ இன்றைய கதைக்கு வருவோம். இன்ஜினியரிங் மாணவர்கள் தாங்களே டிசைன் செய்து, தாங்களே கட்டி, தாங்களே ஓட்டும் போட்டி ஃபார்முலா பாரத். கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கிறது. இதில் பெட்ரோல் காருக்கு ஒரு பிரிவு, எலக்ட்ரிக் காருக்கு ஒரு பிரிவு. பரிசு தனித்தனி என்றாலும் ஓடும் டிராக் ஒன்று, சோதனைகளும் ஒரே மாதிரி. அதனால் நேரத்தை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

உலகம் முழுக்க இந்த மாணவர் போட்டிகளுக்கு அடிப்படை விதிகள் ஏறக்குறைய ஒன்றுதான். பெட்ரோல் கார் என்றால் இன்ஜின் 710 சிசிக்குள் இருக்க வேண்டும். இன்ஜினுக்குப் போகும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் துளை வழியாகத்தான் போக வேண்டும், அப்போதான் சக்தி எல்லை மீறாது. எலக்ட்ரிக் கார் என்றால் பேட்டரியில் இருந்து எடுக்கும் சக்தி 80 கிலோவாட்டைத் தாண்டக்கூடாது.

பெட்ரோல் அணிகள் பெரும்பாலும் பயன்படுத்துவது பைக் இன்ஜின். ஷோரூமில் விற்கும் பைக்கின் இன்ஜினை எடுத்து, குழாய் ஃபிரேமில் டிரைவருக்குப் பின்னால் வைப்பார்கள். கரிவரதன் மாருதியை வைத்துச் செய்த அதே வேலை!

75 மீட்டரில் யார்?

முதல் சோதனை, நேராக 75 மீட்டர் சீறிப் போவது. இங்கே எலக்ட்ரிக் காருக்குத்தான் சாதகம்.

காரணம் சிம்பிள். நம்ம ஊர் கிணற்றடியை நினைத்துப் பாருங்க. ஆயில் இன்ஜின் என்றால் கைப்பிடியைச் சுற்றி, ஸ்டார்ட் பண்ணி, அது வேகம் பிடிக்கணும். கரண்ட் மோட்டார் என்றால் சுவிட்சைத் தட்டினதும் சுற்றும். காரிலும் அதே கதைதான். பெட்ரோல் இன்ஜின் முழு இழுவையைக் கொடுக்க ஆயிரக்கணக்கான சுற்றுகள் வரை ஏற வேண்டும், நடுவில் கியர் மாற்ற வேண்டும். எலக்ட்ரிக் மோட்டார் நின்ற இடத்தில் இருந்தே முழு இழுவையைக் கொடுக்கும்.

சுவிட்சர்லாந்தில் ஜூரிக், லூசெர்ன் மாணவர்கள் கட்டிய எலக்ட்ரிக் கார் 2023-ல் உலக சாதனை படைத்தது. நின்ற நிலையில் இருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 0.956 வினாடிதான். அதற்குத் தேவைப்பட்ட தூரம் சுமார் 12 மீட்டர். காரின் எடை சுமார் 140 கிலோ. போட்டி விதிக்குள் அடங்காத சக்தியோடு, சாதனைக்கென்றே தயாரித்த கார் அது.

22 கிலோமீட்டரில் யார்?

கடைசிச் சோதனை, சுமார் 22 கிலோமீட்டர் ஓட்டுவது. நடுவில் டிரைவர் மாறுவார். இங்கே கணக்கே மாறும்.

ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 12 யூனிட் அளவுக்கு ஆற்றல் இருக்கிறது. ஆமாம், கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட். ஒரு கிலோ லித்தியம் பேட்டரியில் இருப்பது சுமார் கால் யூனிட். பெட்ரோல் இன்ஜின் தனக்குக் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கை, சில சமயம் அதற்கும் மேலே, சூடாக வீணடிக்கும். மோட்டார் 90 சதவீதம் வரை வேலையாக மாற்றும். இந்த வீணைக் கழித்தாலும், எடைக்கு எடை பார்த்தால் பெட்ரோல்தான் 10 மடங்குக்கு மேல் முன்னால் நிற்கிறது.

அதனால் எலக்ட்ரிக் கார் தன் எடையையே சுமக்க வேண்டியிருக்கும். பேட்டரியைப் பெரிதாக்கினால் வளைவில் கார் மந்தமாகும். சிறிதாக்கினால் 22 கிலோமீட்டர் முடிவதற்குள் சார்ஜ் தீரும். கூடவே சூடு. பேட்டரி செல் 60 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது பாதுகாப்பு விதி. தாண்டினால் கார் நின்றுவிடும். 75 மீட்டரில் கலக்கிய கார் கடைசிச் சோதனையில் பாதியில் நிற்கலாம். பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் மின்சாரத்தைத் திரும்ப எடுக்க முடியும் என்பது எலக்ட்ரிக் காருக்கு ஆறுதல்.

பெரிய ரேஸ்களிலும் இதுதான் நடந்தது. 2014-ல் ஃபார்முலா இ எலக்ட்ரிக் ரேஸ் தொடங்கியபோது ஒரு பேட்டரியால் முழு ரேஸும் ஓட முடியவில்லை. டிரைவர்கள் நடுவில் இறங்கி வேறு காரில் ஏறினார்கள். அந்த முதல் சீசனில் மஹிந்திரா அணிக்காக ஓட்டியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஃபார்முலா மாருதியில் தொடங்கிய அதே கருண் சந்தோக்! 2018-ல் வந்த புதிய கார்களில் ஒரே பேட்டரி முழு ரேஸுக்கும் போதுமானது. 4 வருஷத்தில் இந்த மாற்றம்.

இது புது சண்டை இல்லை

எலக்ட்ரிக் கார் நேற்று வந்தது என்று நினைக்கிறோம். ஆனால் 100 கிலோமீட்டர் வேகத்தை முதலில் தாண்டிய கார் எலக்ட்ரிக்தான். 1899-ல் பாரிஸ் அருகே பெல்ஜியத்துக்காரரான காமில் ஜெனாட்சி 105.88 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். அதே மனிதர் 1903-ல் அயர்லாந்தில் நடந்த கார்டன் பென்னட் கோப்பை ரேஸை ஜெயித்தார். அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட வேண்டிய ரேஸ், அதற்கு அவர் எடுத்தது பெட்ரோல் மெர்சிடிஸ். குறுகிய தூரத்துக்கு மின்சாரம், நீண்ட தூரத்துக்கு பெட்ரோல் என்ற கணக்கு அன்றைக்கே இருந்திருக்கிறது.

நம்ம ஊருக்கு இதில் என்ன?

திருச்சுழிக்குப் பக்கத்து வட்டாரமான கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. மழை ஏமாற்றும் பூமியில் வெயில் ஏமாற்றுவதில்லை. மின்சாரம் இங்கேயே பிறக்கிறது. கிணற்று மோட்டாருக்கு காயில் கட்டத் தெரிந்தவர்கள், ஆயில் இன்ஜினைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர்கள் இந்த ஊர்களில் உண்டு. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இன்ஜினியரிங் படிக்கிறார்கள்.

ஆனால் ரேஸ் கார் என்றாலே பணக்காரர் வீட்டு விளையாட்டு என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. அது முழுப் பொய்யும் இல்லை. கரிவரதனே மில் குடும்பத்துப் பிள்ளைதான். ஆனால் அவர் தன் பணத்தைப் போட்டு, அடுத்தவர்களுக்கு ரேஸின் செலவைக் குறைத்தார். தெருவில் ஓடும் காரின் இன்ஜினே போதும் என்று ஓட்டிக் காட்டினார். பெட்ரோலில் அது சாத்தியமாக மாருதி 800 என்ற மலிவான இன்ஜின் ஊரெங்கும் கிடைக்க வேண்டியிருந்தது. எலக்ட்ரிக்கில் இன்னும் செலவு வைப்பது பேட்டரி. மலிவான ஸ்கூட்டர் பேட்டரியையும் மோட்டாரையும் வைத்து, எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒரு எலக்ட்ரிக் ரேஸ் காரை யாராவது கட்டினால், கரிசல் காட்டுப் பிள்ளைக்கும் அந்த சீட்டில் ஒரு இடம் கிடைக்கும்.

சரி, டீக்கடை விவாதத்துக்கு என்ன பதில்? அடுத்த முறை யாராவது எலக்ட்ரிக்கா பெட்ரோலா என்று கேட்டால், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீங்க என்று முதலில் கேளுங்க. அருப்புக்கோட்டைக்குள் கடைக்கும் வீட்டுக்கும் ஓடுபவருக்கு ஒரு பதில். தினமும் மதுரை போய் வருபவருக்கு இன்னொரு பதில்.