கிருமிக்குத் தம் பெயரைத் தந்தவர்

உயிரியல் வகுப்பில் செல்லின் படம் வரையும்போது, செல் சவ்வை ஒரே கோடாக வரைந்துவிட்டு நாங்கள் உட்கருவுக்குப் போய்விடுவோம். அந்தக் கோட்டைக் கடந்து உள்ளே புகுந்து வாழும் கிருமிகளைத் தேடி ஒருவர் தம் உயிரையே கொடுத்தார். அவர்தான் ஹோவர்ட் டெய்லர் ரிக்கெட்ஸ்.

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து ஃபிண்ட்லே என்னும் ஊரில் 1871 ஆம் ஆண்டு பிப்ரவரி 9 ஆம் நாள் அவர் பிறந்தார். மருத்துவம் பயின்று, சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 1906 இல் மோன்டானா மாநிலத்தின் பிட்டர்ரூட் பள்ளத்தாக்குக்குச் சென்றார். அங்கே ஆண்டுதோறும் வசந்த காலத்தில் புள்ளிக் காய்ச்சல் என்னும் கொடிய நோய் தோன்றும். உடலெங்கும் செந்நிறப் புள்ளிகள் படரும். நோய் கண்டவருள் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. மலையிலிருந்து உருகி வரும் பனிநீரைக் குடிப்பதே காரணம் என்று ஊரார் சிலர் நம்பினர். ரிக்கெட்ஸோ நோயாளியின் இரத்தத்தைக் கினிப்பன்றிக்குச் செலுத்தினார்; அதற்கும் காய்ச்சல் கண்டது. அதைக் கடித்த உண்ணியை நலமான வேறொரு கினிப்பன்றியின் மேல் விட்டார், அதுவும் நோயுற்றது. உண்ணி என்றால் எங்களுக்கு மாட்டின் காதோரம் ஒட்டியிருப்பதுதான் நினைவுக்கு வரும். அத்தகைய அற்பப் பிராணி ஒரு பள்ளத்தாக்கையே நடுங்க வைத்திருந்தது!

நோயுற்ற உயிர்களின் இரத்தத்திலும் உண்ணியின் முட்டைகளிலும் மிக நுண்ணிய கிருமிகளை அவர் கண்டார். ஆனால் எந்த ஊட்டப்பொருளிலும் அவை வளரவில்லை. வளர்த்துக் காட்டாமல், இதுவே நோய்க்கிருமி என்று அடித்துச் சொல்ல அவர் மனம் ஒப்பவில்லை. அதற்குப் பெயரும் சூட்டவில்லை. அந்த நேர்மைதான் எங்களை மிகவும் கவர்ந்தது.

1909 இன் இறுதியில் டைஃபஸ் காய்ச்சலை ஆராய மெக்ஸிகோ நகருக்குப் போனார். அது சீலைப்பேனால் பரவுவது. அங்கும் அத்தகைய கிருமிகளைக் கண்டார். ஆனால் அந்நோயே அவரையும் பற்றியது. 1910 மே 3 அன்று, மனைவியையும் இரு குழந்தைகளையும் விட்டு, 39 வயதில் மறைந்தார். 1916 இல் டைஃபஸ் கிருமிக்கு ரிக்கெட்சியா என்று பெயரிட்டனர்.

அவை ஏன் வளரவில்லை என்பது பின்னர் விளங்கியது. உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே அவை வாழும். உள்ளே போக வழி? கிருமியின் வெளிப்புறத்திலுள்ள ஒரு புரதம், செல் சவ்விலுள்ள கேயு-70 என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. புள்ளிக் காய்ச்சல் வகையைச் சேர்ந்த ஒரு கிருமியில் இது 2005 இல் தெரியவந்தது. உடனே செல்லே தன் சவ்வை மடித்துக் கிருமியை விழுங்கிவிடுகிறது; திருடனுக்கு வீட்டுக்காரரே கதவைத் திறந்துவிடுவது போல! கிருமி அந்தச் சவ்வுப் பையைக் கிழித்து வெளியேறிப் பெருகுகிறது.

ரிக்கெட்ஸ் கண்ட இரு காய்ச்சல்களும் இதன் பிறகே வேறுபடுகின்றன. டைஃபஸ் கிருமி செல் வெடிக்கும் வரை அதனுள்ளேயே பெருகும். புள்ளிக் காய்ச்சல் கிருமியோ எஸ்சிஏ-2 என்னும் புரதத்தால், செல்லின் ஆக்டினைத் தனக்கு வாலாகப் பின்னிக்கொள்கிறது. வால் உந்த உந்த, கிருமி சவ்வை முட்டித் தள்ளி அடுத்த செல்லுக்குள் நுழைகிறது.

பிட்டர்ரூட் பள்ளத்தாக்கின் ஹாமில்டன் நகரில் இன்று ராக்கி மலை ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்குள்ள அறிஞர்கள் அந்த வால் புரதம் இல்லாத கிருமியைக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்தி, முடிவை 2010 இல் வெளியிட்டனர். அந்தக் கினிப்பன்றிகளுக்குக் காய்ச்சல் வரவில்லை.