பறக்கப் பயின்ற அறிஞர்

பறவைபோல் வானிற் பறத்தல் மாந்தரின் நெடுநாளைய வேட்கை. அதனைப் பயிற்சியால் எய்தியவர் ஓட்டோ லிலியந்தால். இவர் 1848-ஆம் ஆண்டு பிரஷ்ய நாட்டு அங்கிளாம் நகரிற் பிறந்தார். இளமையில் தம்பி குஸ்தாவுடன் நாரைகள் பறக்கும் முறையைக் கூர்ந்து நோக்கினார். பின்னர்ப் பொறியியல் கற்றார். 1889-இல் பறவைகளின் பறத்தலைப் பற்றி நூலொன்று வெளியிட்டார்.

நூலறிவு மட்டும் ஒருவரை வானோடி ஆக்காது என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். ஆதலின், பொறியின்றிக் காற்றில் மிதந்து செல்லும் வானூர்திகளைத் தாமே அமைத்தார். முதலில் தம் தோட்டத்துப் பலகையினின்று தாவிப் பழகினார். அதன்பின் சிறு மேடுகளில் பயின்றார். பிறகே உயர்ந்த குன்றுகளை நாடினார். பயிற்சிக்கென 1894-இல் பெர்லினுக்கு அருகில் 15 மீட்டர் உயரமுள்ள குன்றொன்றை எழுப்பினார். உடலை இருபுறமும் சாய்த்தே ஊர்தியைச் செலுத்தினார். ஏறத்தாழ 2,000 முறை பறந்தார்.

1896 ஆகஸ்டு 9-ஆம் நாள் காற்றின் சுழற்சியால் ஊர்தி நிலைகுலைய, அவர் கீழே வீழ்ந்து மறுநாள் உயிர்நீத்தார். அவர் கண்ட உண்மைகள் ரைட் சகோதரர்க்கு ஊக்கமளித்தன.

இந்நாளில் மிதவை வானூர்திக் கழகங்களில் சேர்வோர், ஆசிரியருடன் பலமுறை பறந்து தேர்ந்த பின்னரே தனியே பறக்க இசைவு பெறுகின்றனர். லிலியந்தாலுக்கோ உடன் பறந்து திருத்தும் ஆசான் ஒருவரும் இலர். தனித்தியங்கும் உரிமை, தகுதியின் பயனாக வருவதே ஆகும். அத்தகுதியைப் படிப்படியாகப் பெறும் நெறியை உலகிற்குக் காட்டிய அப்பெருமகனாரின் புகழ் என்றும் நிலைப்பதாகும்.